80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வராத வால்மீன்

2024 அக்டோபரில் சூசின்ஷான்–அட்லஸ் வால்மீன் (சி/2023 ஏ3) அந்திவானில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த நாட்களில், அதைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வரியோடு தொடங்கின: "80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வால்மீன்." சென்ற முறை இதைப் பார்த்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள் என்று சில இடங்களில் சேர்த்தும் எழுதினார்கள். அந்த வரி இன்னும் என்னை விடவில்லை. எண் முன்பின்னாக இருந்தால் திருத்திக்கொண்டு போய்விடலாம். ஆனால் தவறு எண்ணில் இல்லை, 'ஒருமுறை' என்ற சொல்லில் இருக்கிறது. ஹாலி வால்மீன் 76 ஆண்டுக்கு ஒருமுறை வந்து வந்து நம் மனதில் ஒரு வார்ப்பைப் பதித்துவிட்டது. எந்த வால்மீன் வந்தாலும் அதற்கும் ஒரு சுற்றுக்காலம் இருக்கும், அந்தக் காலம் அதனுடைய சொந்தக் குணம், சென்ற முறையும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறோம். இந்த வால்மீனின் பாதை சொல்வது வேறு: கோள்களின் நடுவே இது புதிதாக நுழைந்தது. சென்ற முறை என்று ஒன்று இல்லை.

வால்மீன்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் பதில் தந்துவிடும். குறுகிய காலத்தவை நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையிலிருந்து, நீண்ட காலத்தவை அதற்கும் வெகு அப்பால் சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்திருக்கும் ஊர்ட் மேகத்திலிருந்து. இதில் ஊர்ட் மேகத்தை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. எதிரொளிக்கும் வெளிச்சம் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 50 வானியல் அலகில் (ஓர் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரம்) இருக்கும் ஒரு பனிப்பாறையை 50,000 அலகுக்குத் தள்ளினால் அது லட்சம் கோடி மடங்கு மங்கிவிடும். எந்தத் தொலைநோக்கியும் அங்கே எட்டாது. பிறகு அது இருக்கிறது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்? 80,000 என்ற எண்ணைப் பொய்யாக்கும் கணக்கும், ஊர்ட் மேகத்தைக் காட்டிக்கொடுத்த கணக்கும் ஒன்றேதான்.

42 கிலோமீட்டரில் 42 சென்டிமீட்டர்

பூமி இருக்கும் தூரத்தில், அதாவது சூரியனிலிருந்து 1 வானியல் அலகில், ஒரு பொருள் நொடிக்கு 42.1 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் பாதை பரவளையம். சூரியனிடம் திரும்புவதற்கும் ஒரேயடியாகத் தப்பிப்பதற்கும் நடுவில் உள்ள கோடு அது. வேகம் சற்றுக் குறைந்தால் நீள்வட்டம், சற்றுக் கூடினால் அதிபரவளையம். நீள்வட்டத்தின் அரை நெட்டச்சை, அதாவது அதன் நீளத்தில் பாதியை, 'அ' என்று வைத்துக்கொண்டால், வால்மீன் பாதைகளைக் கணக்கிடுகிறவர்கள் புழங்கும் எண் 1/அ. சுற்றுக்காலத்தை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1/அ பாதையின் ஆற்றலோடு நேராகக் கட்டுண்டது: பூஜ்யம் என்றால் பரவளையம், நேர் எண் என்றால் நீள்வட்டம், எதிர் எண் என்றால் போனது போனதுதான்.

இரண்டு வால்மீன்களை வைத்துப் பார்ப்போம். அ-வை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுற்றுக்காலம் ஆண்டுகளில் கிடைத்துவிடும். 80,000 ஆண்டு வேண்டுமென்றால் அ சுமார் 1,860 வானியல் அலகு, 1/அ 0.00054. இன்னொன்றுக்கு அ 25,000 என்றால் 1/அ 0.00004, சுற்றுக்காலம் ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டு. இரண்டும் பூமியின் தூரத்தைக் கடக்கும்போது என்ன வேகத்தில் இருக்கும்? முதலாவது, பரவளைய வேகத்தைவிட நொடிக்கு 5.7 மீட்டர் குறைவாக. இரண்டாவது, வெறும் 42 சென்டிமீட்டர் குறைவாக. 42 கிலோமீட்டரில் 42 சென்டிமீட்டர், லட்சத்தில் ஒரு பங்கு. வால்மீனின் பூர்வீகம் எழுதியிருப்பது அந்த லட்சத்தில் ஒரு பங்கில்தான். 80,000 ஆண்டையும் 40 லட்சம் ஆண்டையும் பிரிப்பது நொடிக்கு 5 மீட்டர் சொச்சம் என்பதைப் பார்த்தபிறகு, சுற்றுக்காலத்தைத் தலைப்பில் போடுவதற்கு யாருக்கும் கை கூசும்.

மையம் எங்கே என்ற கேள்வி

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் கிடைக்கும் பாதை எண்கள் வால்மீன் சூரியனை நெருங்கும் காலத்துக்கு, சூரியனை மையமாக வைத்து எழுதப்பட்டவை. அப்படிப் பார்த்தால் சூசின்ஷான்–அட்லஸின் மையத்தொலைத்தகவு (1-க்குக் கீழே என்றால் நீள்வட்டம், மேலே என்றால் அதிபரவளையம்) 1-ஐச் சற்றே தாண்டி, ஏறத்தாழ 1.0001 என்று நிற்கும். அந்த எண்ணை அப்படியே எடுத்தால் சுற்றுக்காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த பொருள் என்றுகூட ஒருவர் சொல்லிவிடலாம். ஆனால் சூரியனும் சும்மா நிற்கவில்லை. வியாழன் இழுக்க இழுக்க, மொத்தக் குடும்பத்தின் நிறை மையத்தைச் சுற்றி நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் அது அசைந்துகொண்டே இருக்கிறது. இந்த 12 மீட்டரை வால்மீனின் 42 கிலோமீட்டரோடு கூட்டியோ கழித்தோ பார்த்தால் 1/அ-வில் 0.001 அளவுக்கு மாற்றம் வந்துவிடும். நாம் தேடும் எண்ணோ 0.00004. அதைப்போல 25 மடங்கு பெரிய பிழை, மையத்தை மாற்றாமல் விட்டதால் மட்டும்.

அதனால் செய்ய வேண்டியது இது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் கணிப்புச் சேவை எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. வால்மீனின் பெயரைக் கொடுத்து, வெளியீட்டு வகையில் பாதைக் கூறுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மையம் என்ற இடத்தில் சூரியனை எடுத்துவிட்டு, சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தை, அதாவது @0 என்பதைப் போட வேண்டும். பூர்வீகம் வேண்டுமென்றால் தேதியை 1900 வாக்கிலும், எதிர்காலம் வேண்டுமென்றால் 2200 வாக்கிலும் வைக்க வேண்டும். வால்மீன் கோள்களின் பகுதிக்கு நன்றாக வெளியே இருக்கும் காலமாக இருந்தால் போதும். இப்போது வரும் அரை நெட்டச்சுதான் நம்பத்தக்கது. உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என்று இரண்டு எண்கள் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதே இல்லை. ஹேல்–பாப் வால்மீன் உள்ளே வந்தபோது அதன் சுற்றுக்காலம் சுமார் 4,200 ஆண்டு. 1996 ஏப்ரலில் வியாழனை 0.77 வானியல் அலகு தூரத்தில் கடந்தது. வெளியே போனபோது 2,500 சொச்சம்.

கணக்கு கோணலாகும் இடங்களும் தெரிந்தவைதான். சில வாரங்கள் மட்டுமே கவனித்த பாதையில் ஐந்தாவது தசம இலக்கத்தை நம்ப முடியாது. கவனிப்புக் காலம் நீள நீளத்தான் அது நிலைபெறும். அதைவிடத் தொல்லை தருவது வால்மீனின் மூச்சு. பனி ஆவியாகி ஒரு பக்கமாகப் பீறிடும்போது அது சிறு ராக்கெட்போல வால்மீனைத் தள்ளும். சூரியனுக்கு மிக அருகில் வரும் சிறிய வால்மீன்களில் இந்தத் தள்ளலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வீட்டுப் பிள்ளையே வெளியூர்க்காரனாகத் தெரியும். 1/அ எதிர் எண்ணாக வரும். உண்மையான வெளியாளுக்கு இந்தத் தடுமாற்றமே இல்லை. 2019-இல் வேறொரு விண்மீன் பக்கத்திலிருந்து வந்த போரிசோவ் வால்மீனின் மையத்தொலைத்தகவு 3.36. எந்த மையத்தை வைத்துப் பார்த்தாலும் அது மாறப்போவதில்லை.

19 பாதைகள்

1914-இலேயே கோபன்ஹேகனில் எலிஸ் ஸ்ட்ரோம்கிரென் இந்தப் பின்னோக்கிய கணக்கைப் போட்டு, அதிபரவளையமாகத் தெரிந்த வால்மீன்கள் உள்ளே வரும்போது நீள்வட்டத்தில்தான் இருந்தன என்று காட்டிவிட்டார். பரவளையத்துக்கு மிக நெருங்கிய பாதைகளை அண்டை விண்மீன்கள் எப்படிக் குலைக்கும் என்று 1932-இல் எர்ன்ஸ்ட் ஊப்பிக் எழுதினார். 1948-இல் நெதர்லாந்தின் லைடனில் வான் வூர்கொம் தன் ஆய்வேட்டில், வியாழன் இந்த 1/அ-வை எவ்வளவு கலைக்கும் என்று கணக்கிட்டார். துண்டுகள் எல்லாம் மேசையில் இருந்தன. 1950-இல் அதே லைடனில் யான் ஊர்ட் அவற்றை ஒன்றாக வைத்தார். அவர் கையில் இருந்த நல்ல தரமான பாதைகள் 19 மட்டுமே.

அந்த 19-ஐயும் 1/அ-வின்படி வரிசைப்படுத்தினால், பாதிக்குமேல் 0.00005-க்குக் கீழே ஒரு மூலையில் குவிந்துகிடந்தன. மீதி நீளமாகச் சிதறிக் கிடந்தன. குவியல் அழகானது, ஆனால் குவியல் மட்டும் எதையும் நிரூபிக்காது. நிரூபித்தது அதன் அகலம். கோள்களின் நடுவே ஒருமுறை புகுந்து வெளியேறும் வால்மீனின் 1/அ 0.0005 அளவுக்குக் கூடியோ குறைந்தோ போகும். குவியலின் மொத்த அகலமோ 0.0001-க்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் குவியலில் இருக்கும் ஒரு வால்மீன் இதற்குமுன் ஒருமுறை வியாழனைத் தாண்டி உள்ளே வந்திருந்தால், வியாழன் அதைக் குவியலின் அகலத்தைப்போலப் பல மடங்கு தூரம் தள்ளியிருக்கும். தள்ளப்படவில்லை, அங்கேயே இருக்கிறது. ஆகவே அது முதல் முறையாக வருகிறது. முதல்முறை வருகிறவை இன்றும் வந்துகொண்டே இருந்தால், அவை இதுவரை எங்கேயோ சேமித்து வைக்கப்பட்டிருந்திருக்க வேண்டும். எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் அந்தச் சேமிப்பு தட்டையாக இல்லாமல் கோளமாக இருக்க வேண்டும். 19 பாதைகளிலிருந்து சுமார் 20,000 கோடி வால்மீன்களுக்குப் போன இந்தத் தாவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பின்னால் பிரையன் மார்ஸ்டனும் கூட்டாளிகளும் 1978-இல் பல மடங்கு அதிகமான பாதைகளைத் திருத்திக் கணக்கிட்டபோது குவியல் கரையவில்லை, இன்னும் கூர்மையாயிற்று. தூரம் மட்டும் ஊர்ட் நினைத்ததில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இப்போது அந்த 80,000-த்துக்குத் திரும்பி வரலாம். 0.00004-இல் வரும் ஒரு புதிய வால்மீனுக்கு வியாழன் 0.0005-ஐக் கூட்டிவிட்டால் 0.00054. அதுதான் 80,000 ஆண்டு. எண்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல், ஆனால் அளவு தற்செயல் அல்ல. ஊர்ட் மேகத்திலிருந்து வரும் எந்த வால்மீனும் ஒருமுறை உள்ளே வந்து போனபின் ஒன்று குடும்பத்தைவிட்டே வெளியேறும், அல்லது பல்லாயிரம் முதல் சில லட்சம் ஆண்டு வரையான ஒரு பாதையில் விழும். அந்த எண்ணைத் தருவது வால்மீன் இல்லை, வியாழன்.

முதல்முறை வருகிறவையைப் பற்றி ஊர்ட்டுக்கே ஒரு நெருடல் இருந்தது. கணக்குப்படி திரும்பி வரவேண்டிய அளவுக்கு அவை திரும்பி வரவில்லை. முதல் வரவில் பளபளத்தவை அடுத்த வரவில் மங்கிவிடுகின்றன, அல்லது உடைந்துபோகின்றன. வானம் பார்க்கிறவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. புதிய வால்மீனின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு போன்ற எளிதில் ஆவியாகும் பனிகள் தீண்டப்படாமல் இருக்கும். நீர்ப்பனி அசையாத தூரத்திலேயே அவை ஆவியாகி வால்மீனை முன்கூட்டியே பிரகாசமாக்கிவிடும். அந்தப் பிரகாசத்தை அப்படியே நீட்டிக் கணக்குப் போட்டால் 'நூற்றாண்டின் வால்மீன்' கிடைக்கும். 1973-இல் கொஹௌடெக் அப்படித்தான் எதிர்பார்ப்புக்கு எட்டாமல் போனது. 2013 நவம்பரில் ஐசான் சூரியனைச் சுற்றும்போதே சிதறிப்போனது. உள்ளே வரும் 1/அ 0.0001-க்குக் கீழே இருந்தால் பிரகாசக் கணிப்பை நம்பிப் பயணத் திட்டம் போடாமல் இருப்பது நல்லது.

நடக்கிற வேகம்

சூரியனிலிருந்து 50,000 வானியல் அலகில், அதாவது முக்கால் ஒளியாண்டுக்கும் சற்று அப்பால், பாதையின் கடைசி முனையில் இருக்கும் ஒரு பனிப்பாறையை நினைத்துப் பாருங்கள். அது திரும்பி வந்து பூமியின் தூரம்வரை நெருங்க வேண்டுமென்றால், அந்த முனையில் அதன் வேகம் நொடிக்கு 84 சென்டிமீட்டர்தான் இருக்கும். சாவகாசமாக நடக்கும் மனிதன் அதை முந்திவிடுவான். நெருங்கும் தூரம் 15 வானியல் அலகாக இருந்தால் வேகம் நொடிக்கு 3.3 மீட்டர், மெதுவாக ஓடும் வேகம். ஓட்டத்தை நடையாக மாற்றினால் போதும், சனிக்கு அப்பாலேயே திரும்பிப் போயிருக்க வேண்டிய பாறை பூமிப் பக்கம் வந்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்ய 40 லட்சம் ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

செய்வது யார்? பக்கத்தில் போகும் விண்மீன் என்றுதான் ஊர்ட் நினைத்தார். அதுவும் உண்டு. கிளீஸ் 710 என்ற விண்மீன் இன்னும் சுமார் 13 லட்சம் ஆண்டில் மேகத்துக்கு உள்ளேயே புகுந்து போகப்போகிறது. ஆனால் அன்றாட வேலையைச் செய்வது பால்வீதியின் ஓத விசை என்று 1980-களில் தெளிவாயிற்று. பால்வீதியின் தட்டில் உள்ள மொத்தப் பொருளும் சூரியனையும் வால்மீனையும் சற்றே வேறு வேறு அளவில் இழுக்கிறது. அந்த வேறுபாடு மிகச் சிறியது, ஆனால் ஓய்வே இல்லாதது.

இங்கே பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. குவியல் 20,000 அலகுக்கு அப்பால் இருப்பதால் மேகமும் அங்கேதான் தொடங்குகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அ 10,000 உள்ள பாறைக்கு ஓத விசை மிகவும் பலவீனம், சுற்றுக்காலமும் 10 லட்சம் ஆண்டுதான். அதன் நெருங்கும் தூரம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். 15 அலகு, 12, 10 என்று அது இறங்கி வருவதற்குள் சனியோ வியாழனோ அதைத் தட்டிவிடும். ஒரே சுற்றில் அந்த இரு கோள்களின் ஆட்சி எல்லையைத் தாண்டிக் குதிக்க முடிந்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. அந்தக் குதிப்புக்குத்தான் 20,000 வேண்டியிருக்கிறது. அது வேலியின் அளவு, தோட்டத்தின் அளவு இல்லை. உள்ளே இன்னும் அடர்த்தியான மேகம் இருக்கலாம் என்று 1981-இல் ஜாக் ஹில்ஸ் சொன்னார். அங்கிருந்தும் சில, கோள்களிடம் தட்டுவாங்கி வெளியே தள்ளப்பட்டு, பிறகு வேலியைத் தாண்டி வருகின்றன என்று 2009-இல் நேதன் கைபும் தாமஸ் குயினும் கணினியில் காட்டினார்கள்.

தட்டையானவற்றின் வீடு

குறுகிய காலத்தவற்றின் கதை வேறு, அதைக் காட்டிக்கொடுத்தது வேகமல்ல, சாய்வு. வியாழன் குடும்பத்து வால்மீன்கள் பெரும்பாலும் கோள்களின் தளத்துக்கு 30 பாகைக்குள், கோள்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுகின்றன. கோளத்திலிருந்து பிடித்து வந்தவையானால் பாதி எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். 162 பாகைச் சாய்வில் எதிர்த்திசையில் வரும் ஹாலி அப்படிப்பட்ட ஒன்று. 1980-இல் ஹூலியோ ஃபெர்னாண்டஸ் நெப்டியூனுக்கு அப்பால் ஒரு பட்டை வேண்டும் என்றார். 1988-இல் டங்கன், குயின், டிரெமெய்ன் மூவரும் கணினியில் ஓட்டிப் பார்த்து, தட்டையான மூலத்திலிருந்துதான் தட்டையான பாதைகள் வரும் என்றார்கள். 1992 ஆகஸ்ட் 30 அன்று ஹவாயின் மௌனா கியா மலையில் 2.2 மீட்டர் தொலைநோக்கியில் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் 1992 கியூபி1 என்ற பனிப்பாறையைக் கண்டார்கள். பட்டை கிடைத்துவிட்டது.

ஆனால் பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிட்டது, அதுதான் எனக்குக் குறை. 1992 கியூபி1 போன்றவை சுற்றும் இடம் அமைதியானது. அங்கிருந்து எதுவும் எளிதில் நகராது. 1996-இல் கண்ட 1996 டிஎல்66 போன்றவைதான் சரியான மூலம். 30 முதல் 40 அலகு தூரத்தில் நெப்டியூனை உரசிவிட்டு நூற்றுக்கணக்கான அலகு தூரம் போய்வரும் சிதறிய வட்டு அது. நெப்டியூன் அவற்றை அவ்வப்போது தட்டும். உள்ளே தள்ளப்பட்டவை யுரேனஸ், சனி, வியாழன் என்று கைமாறி வரும். இப்படிக் கைமாறும் கட்டத்தில் இருப்பவைதான் சென்டார்கள். 1977-இல் சார்லஸ் கோவல் கண்ட கைரான் அதில் ஒன்று. சில பத்து லட்சம் ஆண்டுகளில் பெரும்பாலானவை வெளியே எறியப்படும், மீதி உள்ளே வரும். கைமாறுவது எவ்வளவு சடுதியில் நடக்கும் என்பதற்கு லெக்ஸல் வால்மீனே போதும்: 1767-இல் வியாழன் அதை உள்ளே இழுத்துப் போட்டது, 1770-இல் பூமிக்கு 22 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் வந்தது, 1779-இல் அதே வியாழன் வெளியே எறிந்துவிட்டது. ரோசெட்டா விண்கலம் போய் இறங்கிப் பார்த்த 67பி வால்மீனும் 1959-க்கு முன் சூரியனை 2.7 அலகுக்குமேல் நெருங்கியதில்லை. வியாழனின் ஒரு தட்டலில் அது 1.3-க்கு வந்தது.

இரு வகையுமே இப்போது இருக்கும் இடத்தில் பிறந்தவை அல்ல. 50,000 அலகில் ஒரு கைப்பிடிப் பனிகூடச் சேர்ந்து கட்டியாகும் அளவுக்குப் பொருள் இருந்ததில்லை. கோள்கள் உருவான காலத்தில், அந்த வட்டாரத்திலேயே திரண்ட பாறைகள் இவை. வியாழன் எறிந்தால் பெரும்பாலும் ஒரேயடியாக வெளியே போய்விடும். யுரேனஸும் நெப்டியூனும் மெல்லத் தள்ளியவைதான் ஓத விசை பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நின்றன. அந்த விசை அவற்றின் நெருங்கும் தூரத்தை உயர்த்தி, கோள்களின் கைக்கு எட்டாமல் வைத்தது. அன்று காப்பாற்றிய அதே விசைதான் இன்று அவற்றைத் திருப்பி அனுப்புகிறது.

2021-இல் அறிவிக்கப்பட்ட பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டீன் வால்மீனின் கரு 100 கிலோமீட்டருக்குமேல் அகலம். 2031 ஜனவரியில் அது சூரியனை மிக நெருங்கும்போதும் 10.9 அலகில், சனியின் பாதைக்கு வெளியே இருக்கும். வேலியைத் தாண்டாமல் திரும்பும் கூட்டத்தில் நாம் பார்த்த மிகப் பெரியது அது. 8.4 மீட்டர் ஆடியுள்ள வேரா ரூபின் ஆய்வகம் இப்படிப்பட்டவற்றை வெகு தூரத்திலேயே பிடிக்கும். அதை நம்பித்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை, இலக்கே தெரியாத ஒரு விண்கலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. வால்மீன் இடைமறிப்பான் என்ற அந்தக் கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சமநிலைப் புள்ளியில் காத்திருக்கும். உள்ளே வரும் 1/அ பூஜ்யத்தை ஒட்டியதாகவும், பூமியின் தளத்தை அது வெட்டும் இடம் 0.9 முதல் 1.2 அலகுக்குள்ளும் இருக்கும் வால்மீன் ஒன்று தென்பட்டால் புறப்படும். பரவளையத்தில் விழும் ஒரு பொருள் யுரேனஸின் தூரத்திலிருந்து சூரியனிடம் வர ஏறத்தாழ 6 ஆண்டு ஆகும், சனியின் தூரத்திலிருந்து 2 ஆண்டுக்குச் சற்று மேல். அந்த இடைவெளிக்குள் அதைக் கண்டுபிடித்து, பாதையின் ஐந்தாவது தசம இலக்கம்வரை உறுதிசெய்து, கலத்தைத் திருப்பியாக வேண்டும்.